உப்புத் தண்ணிலயே நிக்கிற புது பான்டூன் போட்டு: ப்ரைமர், பெயின்ட், ஆனோட் எல்லாம் போட்டுப் பார்த்த ரிவ்யூ

புதுசா பான்டூன் போட்டு, அதாவது ட்யூப் மேல தட்டையா டெக் வச்சு மிதக்கிற போட்டு, வாங்கி அதை உப்புத் தண்ணிலயே கட்டிப் போடப் போறீங்கன்னா இந்த ரிவ்யூ உங்களுக்குத்தான். காலைல ட்ரெய்லர்ல இருந்து இறக்கி சாயங்காலமே ஏத்திக்கிட்டுப் போறவங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது, நல்ல தண்ணில அடியோட கழுவி விட்டா அவங்க வேலை பெரும்பாலும் முடிஞ்சுது. ஆனா ராத்திரி பகலா மிதந்துக்கிட்டே இருக்கிற போட்டு விஷயமே வேற. அதுக்குன்னு கடைல விக்கிற சாமான் ஏகப்பட்டது இருக்கு, எல்லா டப்பாவுலயும் "சால்ட் வாட்டர் ப்ரொடெக்‌ஷன்"னு பெருசா போட்டிருப்பான், எது எதுக்குன்னு மட்டும் தெளிவா சொல்ல மாட்டான். நான் என் போட்டுக்குப் போட்டது, பக்கத்துல நிக்கிற போட்டுங்கள்ல பார்த்தது, எல்லாத்தையும் வச்சு எது காசுக்கு வொர்த்னு எழுதுறேன்.

முதல்ல எதைக் காப்பாத்தப் போறோம்னு பாத்துடுவோம். பான்டூனோட உசுரே கீழ இருக்கிற அந்த ரெண்டு இல்ல மூணு அலுமினியம் ட்யூப்தான். பெரும்பாலும் 5052 கிரேடு அலுமினியம், தகடு கனம் சுமாரா 2-ல இருந்து 2.5 மில்லிமீட்டர், அவ்ளோதான். உப்புத்தண்ணிக்குத் தாங்கற கிரேடுதான் அது, தனியா விட்டா நல்லாவே தாங்கும், ஏன்னா அலுமினியம் தனக்குத்தானே ஒரு மெல்லிசான ஆக்ஸைடு தோல் போத்திக்கும். பிரச்சனை என்னன்னா உப்புல இருக்கிற குளோரைடு அந்தத் தோலை மொத்தமா கரைக்காம அங்கங்க ஊசி முனை அளவுக்குக் குத்திக் குத்தி உள்ள போகும். மேலோட்டமா பாத்தா ட்யூப் நல்லாத்தான் இருக்கும், வெள்ளையா பவுடர் மாதிரி ஒரு சின்னப் பொட்டு மட்டும் தெரியும், அதை நகத்தால சுரண்டினா கீழ குழி. 2 மில்லிமீட்டர் தகட்டுல அந்தக் குழி எங்க போய் நிக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இது கூட செம்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அதே உப்புத்தண்ணில கனெக்ட் ஆகி இருந்தா அலுமினியம்தான் கரையும், ஸ்டீலுக்கு ஒண்ணும் ஆகாது, அது ஒரு பேட்டரி மாதிரியே வேலை செய்யும்.

இன்னொரு எதிரி ஒட்டுற ஜீவன்கள், பாசி, வழவழன்னு ஒரு படலம், அப்புறம் கொட்டலசு, அதாவது ஓட்டோட கெட்டியா ஒட்டிக்கிற பார்னக்கிள். இந்த ரெண்டு எதிரியும் வேற வேற, ஒண்ணுக்கு வாங்குற மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது, இது புரிஞ்சா பாதிக் காசு மிச்சம். 1824-லயே இதை ஒருத்தர் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். பிரிட்டிஷ் கடற்படை மரக் கப்பலுக்கு அடியில செம்புத் தகடு அடிச்சிருப்பாங்க, அந்தத் தகடு உப்புல அரிச்சுக்கிட்டே இருக்குன்னு வேதியியல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவிகிட்ட கேட்டாங்க, அவர் செம்போட ஜிங்க்கோ வார்ப்பிரும்போ கொஞ்சம் சேத்து விட்டா அது கரைஞ்சு செம்பைக் காப்பாத்தும்னு கண்டுபிடிச்சார். இப்படித் தான் கரைஞ்சு இன்னொண்ணைக் காப்பாத்தற துண்டைத்தான் ஆனோட்னு சொல்றோம். சொன்னபடியே அரிப்பு நின்னுது. ஆனா செம்பு கரையறதாலதான் அதுவரைக்கும் கொட்டலசு ஒட்டாம இருந்துச்சு, கரையறது நின்னதும் கப்பல் அடி முழுக்க ஒட்டிக்கிச்சு, கடைசில அந்த ஏற்பாட்டையே கழட்டிட்டாங்க. இரண்டு நூறு வருஷம் ஆச்சு, இன்னைக்கும் "ஆனோட் போட்டிருக்கேனே, அப்புறம் ஏன் பாசி பிடிக்குது"ன்னு கேக்கிறவங்க இருக்காங்க.

சரி, ப்ரைமர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா என்னைக் கேட்டா முழு வேலைலயும் முதல் மார்க் இதுக்குத்தான். நான் போட்டது இன்டர்லக்ஸ் கம்பெனியோட இன்டர்ப்ரொடெக்ட் 2000ஈ, ரெண்டு டப்பா கலக்குற எபாக்ஸி. இதோட வேலை ஒண்ணே ஒண்ணு, தண்ணியும் அலுமினியமும் தொடாம பாத்துக்கிறது. தொடலைன்னா அரிப்பே இல்ல. மேல வரப்போற பெயின்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல சுவர் மாதிரியும் இது நிக்கும். கிரே கலர்லயும் வெள்ளையிலயும் வருது, ரெண்டையும் வாங்கி மாத்தி மாத்தி அடிங்க, ஒரு கோட்டு கிரே, அடுத்தது வெள்ளை. வெள்ளை அடிக்கும்போது எங்க கிரே தெரியுதோ அங்க ரோலர் படலைன்னு அர்த்தம், ட்யூபோட அடி வளைவுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு அடிக்கும்போது இது எவ்ளோ உதவினு அடிச்சவங்களுக்குத் தெரியும். ஒரே கலரா இருந்தா நிச்சயம் எங்கயாவது விட்டுப் போகும், விட்டுப் போன இடத்துலதான் குழி விழும்.

ப்ரைமரை விட அதுக்கு முன்னாடி தேய்க்கிறதுதான் பெரிய வேலை. புது ட்யூப் பளபளன்னு இருக்கும், அதுல எந்தப் பெயின்டும் ஒட்டாது. முதல்ல சால்வென்ட்ல எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் துடைக்கணும், அப்புறம்தான் 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்க்கணும், முதல்லயே தேய்ச்சா அந்தப் பிசுக்கையே கீறலுக்குள்ள அமுக்கி விட்டுடுவோம். தேய்ச்ச உடனே, அதாவது அதே வேளையில, முதல் கோட்டு அடிச்சிடணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா அந்த ஆக்ஸைடு தோல் திரும்ப வந்துடும். இரும்பு வயர் பிரஷ், ஸ்டீல் உல் ரெண்டையும் கிட்டயே சேக்காதீங்க, இரும்புத் துகள் அலுமினியத்துல குத்திக்கிட்டு அங்கயே அரிப்பு ஆரம்பிக்கும். ட்யூபைப் பளபளப்பாக்க ஆசிட் கிளீனர் வச்சு அடிக்கிறாங்க சில பேர், பெயின்ட் அடிக்கப் போற இடத்துக்கு அது தேவையே இல்ல, அதுல சிலதுல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும், தோல்ல பட்டா உடனே வலிக்காம உள்ள போய் எலும்பு வரைக்கும் கெடுக்கும், லேபிள் படிக்காம அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது.

ப்ரைமர் கடைசிக் கோட்டுக்கும் பெயின்ட் முதல் கோட்டுக்கும் நடுவுல டைமிங் முக்கியம். கட்டை விரலை வச்சு அழுத்தினா ரேகை பதியணும், ஆனா விரல்ல பெயின்ட் ஒட்டக் கூடாது, அந்தப் பதத்துல அடிச்சாதான் ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பிடிச்சுக்கும். முழுசா காஞ்சு போச்சுன்னா திரும்ப உப்புத்தாள் எடுக்க வேண்டியதுதான். வெயில் அதிகமா இருந்தா அந்தப் பதம் சீக்கிரமே தாண்டிப் போயிடும், அதனால ஒரு ட்யூபை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க, மூணையும் ஒண்ணா தொடங்க வேணாம்.

இப்ப பெயின்டு. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. கடைல போய் "உப்புத்தண்ணிக்கு நல்ல பாட்டம் பெயின்ட் குடுங்க"ன்னா பெரும்பாலும் செம்பு கலந்ததைத்தான் எடுத்து வைப்பாங்க, க்யூப்ரஸ் ஆக்ஸைடுனு லேபிள்ல இருக்கும், ஃபைபர் போட்டுக்கு அது அருமையான பெயின்ட்தான், சந்தேகமே இல்ல. அலுமினியத்துக்கு அது விஷம். ட்யூப் முழுக்க செம்பைப் பூசி உப்புத்தண்ணில இறக்கினா ப்ரைமர்ல ஒரு கீறல் விழுந்த இடத்துல என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன். நடுவுல ப்ரைமர் இருக்கேன்னு தைரியமா அடிக்கிறவங்களும் இருக்காங்க, தண்ணிக்குள்ள ஒரு கட்டையில உரசினா அந்தத் தைரியம் அங்கயே போச்சு. செம்புலயே க்யூப்ரஸ் தயோசயனேட்னு ஒரு வகை இருக்கு, இன்டர்லக்ஸ் ட்ரைலக்ஸ் 33 அந்த வகை, அது அலுமினியத்துக்கு ஆகும்னு கம்பெனியே சொல்லுது. பழைய ஆளுங்க சில பேர் டின், அதாவது வெள்ளீயம், கலந்த பெயின்ட் இருந்த காலத்தைப் பத்திப் பேசுவாங்க, அதுல இருந்த மருந்து பேர் டிபிடி, அலுமினியத்துக்கு அவ்ளோ நல்லா வேலை செஞ்சுதாம், ஆனா கடல்ல சிப்பி நத்தை எல்லாத்தையும் நாசம் பண்ணினதால அதுக்கு எதிரான உலக ஒப்பந்தம் 2008 செப்டம்பர்ல அமலுக்கு வந்துடுச்சு, அந்தப் பேச்சு முடிஞ்சுது.

நான் எடுத்தது செம்பே இல்லாத பெட்டிட் ஹைட்ரோகோட் ஈகோ. இதுல எகோனியான்னு ஒரு மருந்து கொட்டலசு வகையறாவுக்கு, ஜிங்க் சேர்ந்த இன்னொண்ணு வழவழப்புக்கும் பாசிக்கும். தண்ணில கரைஞ்ச பெயின்ட்ங்கறதால நாத்தம் ரொம்பக் கம்மி, ரோலரைத் தண்ணிலயே கழுவிக்கலாம், ட்யூபுக்கு நடுவுல தலையை விட்டுக்கிட்டு அடிக்கிறவனுக்கு அது பெரிய நிம்மதி. தானா கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு புதுப் பரப்பைக் காட்டற வகை, அதனால ஓட்டிக்கிட்டே இருக்கிற போட்டுக்குத்தான் இது ரொம்ப நல்லா வேலை செய்யும், மாசக்கணக்கா கட்டியே கிடந்தா மேல படலம் கட்டும். எனக்குப் பிடிச்ச ஒரு வேலை, முதல் கோட்டை ஒரு கலர்லயும் மேல வர்ற கோட்டை வேற கலர்லயும் அடிச்சது. இப்ப அடிக்கலர் எங்க எட்டிப் பாக்குதோ அங்க பெயின்ட் தேஞ்சு போச்சுன்னு தண்ணிக்கு மேல இருந்தே தெரியுது, முன்மூக்குலயும் தண்ணி மட்டத்துலயும்தான் முதல்ல தேயுது, அதனால அந்த ரெண்டு இடத்துக்கும் ஒரு கோட்டு கூடுதலா குடுங்க.

குறைன்னு சொல்லணும்னா, வழவழப்புப் படலம் வரவே வராதுன்னு எதிர்பார்க்காதீங்க. வரும், மெத்துனு ஒரு துணியால தடவினா போயிடும். ஆனா கரையற பெயின்டைப் பச்சை நார் வச்சு அழுத்தித் தேய்ச்சா பாசியோட பெயின்டும் வந்துடும், அடி கழுவ ஆள் விடுறீங்கன்னா இதை முன்னாடியே சொல்லி வச்சிடுங்க, அவங்க பழக்கத்துக்கு அழுத்தித்தான் தேய்ப்பாங்க. பெயின்ட் எவ்ளோ உயரம் அடிக்கணும்ங்கறதையும் போட்டு காலியா நிக்கிறப்போ பாத்து முடிவு பண்ணக் கூடாது, ஆளுங்க, எரிபொருள், சாமான் எல்லாம் ஏத்தி எங்க தண்ணி நிக்குதோ அதுக்கு மேல இன்னும் ரெண்டு விரல் அடிச்சாதான் அந்தக் கோட்டுல பச்சை வளையம் வராது.

ஆனோடு. இதுக்குத்தான் ரொம்ப யோசிச்சேன், ரிசல்ட் பார்த்து சந்தோஷப்பட்டதும் இதுலதான். மூணு வகை இருக்கு. மெக்னீசியம் நல்ல தண்ணிக்கு மட்டும், உப்புத்தண்ணில போட்டா வேகமா கரையறது ஒரு பக்கம், அலுமினியத்தையே அளவுக்கு மீறிக் "காப்பாத்தி" மேற்பரப்புல காரம் உண்டாக்கி பெயின்டைக் கொப்புளமாத் தூக்கி விட்டுடும், அலுமினியத்துக்கு ஆசிடும் ஆகாது காரமும் ஆகாது. ஜிங்க் உப்புத்தண்ணிக்கு ஓகே, ஆனா ஆத்துத்தண்ணி கலக்கற இடமா இருந்தா அது மேல ஒரு தோல் கட்டி வேலையை நிறுத்திடும். அலுமினியம் ஆனோட்தான் பான்டூனுக்கு சரி, ஜிங்க்கும் துளியூண்டு இண்டியமும் கலந்த அலுமினியம், உப்புலயும் உவர்லயும் வேலை செய்யும், எடையும் கம்மி. ட்யூபும் அலுமினியம் ஆனோடும் அலுமினியமான்னு குழம்ப வேணாம், அந்தக் கலப்புதான் அதை ட்யூபுக்கு முன்னாடி கரைய வைக்குது.

ஆனோட் நல்லதா இருந்தா மட்டும் பத்தாது, உலோகத்தோட உலோகம் தொடணும். அடியில பெயின்ட் ஒரு படலம் இருந்தாலே அது வெறும் கட்டை. அதே மாதிரி ஆனோட் மேல பெயின்ட் அடிச்சிடக் கூடாது, பாட்டம் பெயின்ட் அடிக்கும்போது டேப் ஒட்டி மறைச்சு வைங்க. ட்யூப்ல ஓட்டை போட்டு மாட்டச் சொல்றவங்க பேச்சைக் கேக்கவே கேக்காதீங்க, வெல்ட் பண்ணின பட்டை இல்ல மோட்டார் பிராக்கெட் மாதிரி இடத்துலதான் போல்ட் போடணும். மாட்டினதும் மல்ட்டிமீட்டரை ஓம்ல வச்சு ஒரு முள்ளை ஆனோட்லயும் இன்னொண்ணை ட்யூப்லயும் வைங்க, 1 ஓம்-க்குக் கீழ வரணும். மூணு ட்யூப் இருந்தா மூணுக்கும் தனித்தனியா பாருங்க, டெக்குக்கு அடியில இருக்கிற குறுக்குச் சட்டம் வழியா கனெக்ட் ஆகியிருக்கும்னு நம்பிட்டு விட வேணாம். ட்யூபுக்குன்னு ஆனோட் இல்லாம விட்டா அவுட்போர்டு மோட்டார்ல இருக்கிற சின்ன ஆனோட்தான் மொத்த போட்டுக்கும் கரையும், அது தீர்ந்ததும் மோட்டார் கியர்கேஸ் கரைய ஆரம்பிக்கும், அதுக்கு ஆகிற செலவைக் கேட்டா தலை சுத்தும்.

இதெல்லாம் வேலை செய்யுதான்னு கண்ணால பாக்க ஒரு சாமான் இருக்கு, சில்வர் சில்வர்குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோட். வொயர் முனையில ஒரு சின்னக் குப்பி மாதிரி இருக்கும், அதை மல்ட்டிமீட்டர்ல சொருகி தண்ணில தொங்க விட்டு, இன்னொரு முள்ளால ட்யூப்ல வெறும் உலோகம் தெரியற இடத்தைத் தொட்டா மில்லிவோல்ட் காட்டும். பாதுகாப்பு இல்லாத அலுமினியம் சுமாரா மைனஸ் 750 பக்கம் நிக்கும், ஆனோட் சரியா பிடிச்சா மைனஸ் 950-ல இருந்து மைனஸ் 1100 வரைக்கும் போகும். அதுக்கும் கீழ மைனஸ் 1200-னு இறங்கினா அளவு மீறிப் போச்சு, ஆனோடைக் குறைக்கணும். எனக்கு அந்த நடு ரேஞ்சுலயே நின்னுது, அன்னைக்கு வந்த நிம்மதி வேற எந்தப் பளபளப்பு சாமான்லயும் வரல. ஆனோட் பாதி கரைஞ்சா மாத்திடுங்க. கரையவே இல்லன்னா சந்தோஷப்படாதீங்க, அது வேலையே செய்யலைன்னு அர்த்தம்.

இந்த மில்லிவோல்ட் கணக்கு திடீர்னு மாறினா முதல்ல கரண்ட் வொயரைப் பாருங்க. கரையில இருந்து கரண்ட் எடுத்து சார்ஜர் ஓடுதுன்னா எர்த் வொயர் வழியா பக்கத்து போட்டுங்களோட உங்க ட்யூபும் சேர்ந்துடுது, அவங்க ஆனோட் போடலைன்னா உங்க ஆனோட்தான் ஊர் சேவை பண்ணும். கால்வனிக் ஐசொலேட்டர் அந்தச் சின்ன வோல்டேஜைத் தடுக்கும், அவசரத்துக்கு எர்த் வழியையும் திறந்தே வச்சிருக்கும். இல்லன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு சோலார்ல சார்ஜ் பண்ணுங்க, அது இன்னும் சுலபம்.

ட்யூபுக்குன்னு விக்கிற பளபளப்பு கோட்டிங் ஒண்ணும் போட்டுப் பார்த்தேன், பேர் வேணாம். தண்ணிக்கு மேல இருக்கிற அலுமினியத்துல நல்லாவே இருக்கு, தண்ணிக் கறை பிடிக்காது, துடைக்கவும் சுலபம். தண்ணிக்குக் கீழ அதை நம்பி இறக்கினா கொட்டலசு எந்தத் தடையும் இல்லாம ஒட்டும், அதுக்கு அது தயாரிச்சதே இல்ல. மேல இருக்கிற ரெயிலுக்கு மட்டும் வாங்கலாம்.

சின்ன சாமான்லயே பெரிய வேலை பண்றது ஸ்க்ரூ மரையில தடவுற பசை, டெஃப்‌ஜெல். அலுமினியத்துல முடுக்கற ஒவ்வொரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவையும் கழட்டி மரையில இதைத் தடவி மாட்டினா உப்புத்தண்ணி நடுவுல புகாது, ஸ்க்ரூவும் ஒட்டிக்காது. பெயின்ட் அடிச்ச ரெயில்ல முதல் கொப்புளம் எப்பவுமே ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தித்தான் வரும், போய்ப் பாருங்க. டெக் ப்ளைவுட்ல செம்பு கலந்த மருந்து ஏத்தியிருக்கான்னு டீலர்கிட்ட கேளுங்க, அது ஈரத்தோட அலுமினிய சட்டத்தைத் தொட்டா அங்கயும் அதே கதை, நடுவுல ஏதாவது பிரிப்பு இருக்கணும்.

கழுவற லிக்விட் எல்லாம் பரவால்ல ரகம், உப்பைப் போக்கறது தண்ணியோட அளவுதான். ரெயில் குழாய்க்குள்ள, டெக்குக்கு அடியில இருக்கிற அலுமினியத் தகட்டுக்குப் பின்னாடி, இந்த இடத்துக்கெல்லாம் ஹோஸ் போகணும். காஞ்ச உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து திரும்ப நனைஞ்சுக்கும், அதனால மழை பெய்ஞ்சா போதும்னு விடக் கூடாது. மோட்டாரை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில ஃப்ளஷ் பண்ணிட்டு தூக்கி வைங்க, மேனுவல்ல சொல்ற நேரத்துக்குக் குறையாம.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, போட்டைத் தண்ணிக்கு மேல தூக்கி வைக்கிற லிஃப்ட். வசதி இருந்தா அதுதான் முதல் செலவு, மத்த எதுவும் அதுக்கு ஈடில்ல, தண்ணிலயே இல்லன்னா கொட்டலசும் இல்ல. லிஃப்ட் போட்டவங்க பாட்டம் பெயின்டை விட்டுடலாம், தேய்க்கிற வேலையே மிச்சம். ஆனா மேல தூக்கினதும் ஆனோடும் வேலை செய்யாது, அதனால தூக்கின உடனே நல்ல தண்ணி கண்டிப்பா அடிக்கணும். ட்யூப் உக்கார்ற கட்டையில கம்பளம் சுத்தியிருந்தா அதைக் கழட்டிட்டு ப்ளாஸ்டிக் பட்டை போடுங்க, கம்பளம் உப்புத்தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ட்யூபோட அடியிலயே ஊற வச்சுக்கிட்டு இருக்கும், அந்தக் கட்டையும் செம்பு மருந்து ஏத்தின மரமா இருந்தா ரெட்டைக் கேடு.

வாரண்டி பேப்பரை இறக்கறதுக்கு முன்னாடியே படிங்க. உப்புத்தண்ணி அரிப்பு வாரண்டில வராதுன்னு நிறைய கம்பெனி போட்டிருக்கும், சிலது சால்ட் வாட்டர் பேக்கேஜ் எடுத்தாதான் உண்டுன்னு சொல்லும், நீங்களா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அதுக்கு என்ன சொல்லுதுன்னும் எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. ட்யூபோட வெல்டிங் எல்லாத்தையும் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே கிட்டத்துல போட்டோ எடுத்து வைங்க, பெயின்ட் ஏறிட்டா அப்புறம் அதைக் காட்ட வழியே இல்ல.